முதுகில் திறந்த காயத்தோடு பிறந்த குழந்தைக்குத் தோல் மடல் சத்திரசிகிச்சை: திருகோணமலைப் பெற்றோர் கேட்ட கேள்விகள்

பச்சிளங்குழந்தைகள் வாட்டிலும் பிறகு சத்திரசிகிச்சை வாட்டிலும் தாதியாக இருந்துவிட்டு இப்போது உப்புவெளியில் வீட்டோடு இருக்கிறேன். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி என்று எங்கிருந்தாவது ஒரு தகப்பன் யாரோ சொல்லி வந்து படலையில் நிற்பார். கையில் ஒரு ஸ்கான் துண்டு இருக்கும், இல்லாவிட்டால் போனில் பிள்ளையின் முதுகுப் படம். அப்படி வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். டொக்டர் சொல்வதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

பிள்ளையின் இடுப்புக்கு மேலே தோல் இல்லாமல் ஒரு நீர்க்கொப்புளம் இருக்கிறது. இது என்ன?

கரு உண்டாகி முதல் 28 நாளுக்குள் முண்ணாணாக வரப்போகும் தகடு, பாய் சுருளுவது போல இரண்டு ஓரமும் எழும்பி ஒரு குழலாக மூடிக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் அது சுருளாமல் நின்றுவிட்டால் அதன் மேலே வரவேண்டிய எலும்பும் தசையும் தோலும் அந்த இடத்தில் சேர்வதில்லை. முண்ணாண் நீர் நிறைந்த மெல்லிய சவ்வுப் பை வெளியே தள்ளி நிற்கும். பைக்குள் நரம்புத் தகடும் இருந்தால் அதை மயிலோமெனிங்கோசீல் என்பார்கள். நீரும் சவ்வும் மட்டும் என்றால் மெனிங்கோசீல், அது இலேசானது. மொத்தமாக ஸ்பைனா பிஃபிடா என்று கொப்பியில் எழுதியிருப்பார்கள். கீழ் முதுகில்தான் இது அதிகம் வருகிறது.

பையை நல்ல தோல் முழுவதும் மூடியிருந்தால் கதை வேறு. அந்தப் பிள்ளைக்கு அவசரம் இல்லை, மாதக்கணக்கில் பொறுத்துப் படம் எடுத்துப் பார்த்துச் செய்யலாம். கீழே நான் எழுதுவது எல்லாம் தோல் இல்லாத திறந்த காயத்தைப் பற்றி.

கிரகணத்தன்று மருமகள் வெளியே போனாள். அதனால்தானே?

இல்லை. இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பிள்ளையின் அப்பம்மாதான் கேட்பார், அதுவும் மருமகள் காதில் விழும்படி. 28 நாள் என்றேனே, அந்தக் காலத்தில் மாதவிடாய் தள்ளிப்போனதே பல பெண்களுக்குத் தெரிந்திருக்காது. போலிக் அமிலக் குறைவு, கட்டுப்படாத நீரிழிவு, வலிப்புக்குக் கொடுக்கும் வல்ப்ரோவேற் போன்ற மாத்திரைகள், குடும்பத்தில் முன்பே இப்படி ஒரு பிள்ளை பிறந்திருப்பது, இவை வாய்ப்பைக் கூட்டும். ஆனால் இவை எதுவுமே இல்லாத வீட்டிலும் இப்படிப் பிள்ளை பிறக்கிறது. வாட்டில் மூன்று நாளாகச் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயிடம் காரணம் தேடுவது எனக்குப் பிடிக்காத வேலை.

பிறந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிள்ளையைக் குப்புற அல்லது பக்கவாட்டில் கிடத்த வேண்டும், மல்லாக்கக் கூடாது. காயத்தின் மேல் கிருமியற்ற கோஸ் துணியைச் சாதாரண சேலைனில் நனைத்து வைத்து, அதற்கு மேல் சுத்தமான மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். ஈரம் காய்ந்தால் நரம்புத் தகடும் காய்ந்துபோகும். உடம்புச் சூடும் அந்த ஈரத்தின் வழியே இறங்கும், ஆகவே பிள்ளையைச் சூடாக வைத்திருக்க வேண்டும். அன்டிபயோடிக் ஊசி தொடங்குவார்கள். இறப்பர் கையுறை கூடாது. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு லேற்றெக்ஸ் ஒவ்வாமை வருவதால் முதல் நாளிலிருந்தே அதைத் தள்ளி வைக்கிறோம்.

எண்ணெய், மஞ்சள், பவுடர், ஓதிய தண்ணீர் எதுவும் காயத்தில் படக்கூடாது. பிரார்த்தனை செய்யுங்கள், தண்ணீரைப் பிள்ளையின் நெற்றியில் தொட்டு வையுங்கள்.

ஒருமுறை ஒரு சிறிய வைத்தியசாலையிலிருந்து ஒரு பிள்ளையை உலர்ந்த பஞ்சு வைத்துச் சுற்றி அனுப்பியிருந்தார்கள். வந்து சேரும்போது பஞ்சு நார் நாராகச் சவ்வில் ஒட்டிப்போயிருந்தது. ஒவ்வொரு நாராகச் சேலைன் விட்டு எடுக்க எங்களுக்கு ஒரு மணித்தியாலம் போனது. யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, அங்கே இருந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எத்தனை நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்து காயத்தை மூட வேண்டும்?

முடிந்தால் 48 மணித்தியாலத்துக்குள், பிந்தினால் 72. திறந்த காயம் வழியாகக் கிருமி உள்ளே போனால் அது நேரே மூளையைச் சுற்றியுள்ள நீருக்குப் போகிறது. மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் பின்னால் வரும் பாதிப்பு, முதுகுக் காயத்தால் வரும் பாதிப்பைவிடப் பெரிதாக இருக்கலாம்.

நான்காம் நாள் ஆகிவிட்டதே என்று கைவிட வேண்டாம். பிந்தி வரும் பிள்ளைகளுக்கும் கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை முதலில் அடக்கிவிட்டு மூடுகிறார்கள்.

ஏன் வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள்? இங்கேயே செய்ய முடியாதா?

இந்த ஒரு சத்திரசிகிச்சைக்கு நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர், பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், மூன்று கிலோ பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைக் கட்டில் நான்கும் ஒரே கூரையின் கீழ் ஒரே நாளில் வேண்டும். அதனால் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பும் நிலை வரலாம். கொழும்பு இங்கிருந்து சுமார் 260 கிலோமீற்றர். நாங்களாகவே வான் பிடித்துக் கொண்டு போகிறோம் என்று கிளம்ப வேண்டாம். வைத்தியசாலை அம்புலன்ஸில், கூட ஒரு தாதியோடு, அங்கே கட்டில் உறுதியான பிறகு போவதுதான் பாதுகாப்பு. அவசரத்தில் கிளம்பி ஹபரணைக் காட்டு வழியில் பிள்ளை குளிர்ந்துபோனால் வழியில் என்ன செய்வீர்கள்?

சிங்களம் தெரியாத தாய் தனியே போவது பெரிய கஷ்டம், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிறந்த நேரம், நிறை, கொடுத்த ஊசிகள், உங்கள் கேள்விகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அந்த வாட்டில் தமிழ் பேசும் ஒருவரை முதல் நாளே தேடிப்பிடியுங்கள். தாதியாகவோ சிற்றூழியராகவோ அடுத்த கட்டில் அம்மாவாகவோ ஒருவர் கிடைப்பார்.

இரண்டு பக்கத் தோலையும் இழுத்துத் தைத்தால் போதாதா? மடல் எதற்கு?

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். சுமார் நான்கில் மூன்று பேருக்கு, காயத்தின் ஓரத் தோலைக் கீழிருந்து விடுவித்து நடுவே கொண்டுவந்து தைத்துவிடலாம். மிச்சப் பேருக்குத்தான் சிக்கல். காயம் அகலமாக, ஏறக்குறைய 5 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கும், அல்லது முதுகெலும்பு கூன் போலப் புடைத்து நிற்கும். மூன்று கிலோ பிள்ளையின் முதுகு மொத்தமே உங்கள் உள்ளங்கை அளவுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 5 சென்ரிமீற்றர் என்பது சின்ன ஓட்டை இல்லை.

துணி போதாத சட்டைக்குப் பித்தானை இழுத்துப் பூட்டினால் என்ன ஆகும்? மூச்சு விட்டதும் பிய்யும். தோலிலும் அதுவே நடக்கிறது. இழுத்துப் பிடித்த தோலுக்கு இரத்தம் ஒழுங்காகப் போகாது. இரண்டு மூன்று நாளில் தையல் ஓரம் வெளிறும், பிறகு கறுக்கும், பிறகு விட்டுவிடும். தையல் விட்டால் அடியில் உள்ள முண்ணாண் நீர் கசியும், கசிந்த வழியே கிருமி போகும். அதாவது இழுத்துத் தைத்த காயம் சில நாளில் மறுபடி திறந்த காயமாகவே நிற்கும், இந்த முறை பிள்ளை இன்னும் பலவீனமாக இருக்கும்.

எங்கே தோல் தளர்வாக இருக்கிறதோ, விலாப்பக்கம், இடுப்பின் பக்கவாட்டு, பின்பக்கம், அங்கிருந்து தோலையும் கொழுப்பையும் தசையுறையையும் சேர்த்து ஒரு துண்டாக வெட்டி, அதற்கு இரத்தம் வரும் பக்கத்தை மட்டும் வெட்டாமல் விட்டு, காயத்தின் மேல் நகர்த்தி வைக்கிறார்கள். இதுதான் தோல் மடல். வாட்டில் ஃபிளாப் என்பார்கள்.

தொடைத் தோலை எடுத்து ஒட்டினால் சுலபமாமே?

அது கிராஃப்ட், தோல் ஒட்டு. தம்பலகாமத்து ஆட்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: ஒட்டு என்றால் நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவது. நிலத்தில் ஈரம் இருந்தால்தான் பிடிக்கும். மடல் என்றால் பதியன் போடுவது. கிளையை வளைத்து மண்ணில் வைத்தாலும் தாய்ச்செடியோடு இணைப்பு இருக்கும், அதனால் மண் எப்படி இருந்தாலும் கிளை வாடாது. முண்ணாணை மூடிய உறை, நாற்று நடக்கூடிய வயல் இல்லை. அப்படியே ஒட்டுப் பிடித்தாலும் அது தாள் போல மெல்லியது, கீழே கொழுப்பு மெத்தை இல்லை. பிள்ளை வளர்ந்து கதிரையில் சாய்ந்து உட்காரும் வயதில் அந்த இடமே முதலில் உடையும். முன்பு செய்தார்கள். இப்போதும் மடல் எடுத்த இடத்தை மூட ஒரு துண்டு ஒட்டு வைக்க நேரலாம், ஆனால் நடுக் காயத்துக்கு மடல்தான் நல்லது என்று நானும் கண்ணால் கண்டு சொல்வேன்.

தியேட்டருக்குள் என்னதான் நடக்கிறது? எப்படி வெட்டுவார்கள்?

முதலில் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் நரம்புத் தகட்டை ஓரத் தோலிலிருந்து கவனமாகப் பிரிப்பார். அந்தத் தோலின் ஒரு சின்னத் துண்டு உள்ளே மாட்டிக்கொண்டாலும் பின்னால் அது கட்டியாக வளரும், அதனால் இந்த வேலைக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். தகட்டைக் குழலாகச் சுருட்டித் தைப்பார்கள். பிறகு தடித்த வெளியுறையை நீர் கசியாதபடி மூடுவார்கள். முடிந்தால் அதற்கு மேல் தசையுறையால் இன்னொரு அடுக்கு. கடைசியில்தான் தோல்.

கிடுகு வேய்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கீழ்வரிசையில் இரண்டு கிடுகு சேரும் இடத்துக்கு நேர் மேலே மேல்வரிசைக் கிடுகும் சேரக்கூடாது, மழை நேரே உள்ளே வரும். இங்கேயும் அதே கணக்கு. உறையின் தையலுக்கு நேர் மேலே தோலின் தையல் விழாமல் இருந்தால் நல்லது. நேராக இழுத்துத் தைக்கும்போது இரண்டும் ஒரே கோட்டில் விழுகின்றன. மடலை நகர்த்தி வைத்தால் தையல் பக்கத்துக்குப் போய், நடுவில் முழுத்தோல் இருக்கும். மடலின் இந்த நன்மையைப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை, எனக்கோ இதுவே பெரிய நன்மையாகத் தெரிகிறது.

மடலின் வடிவம் காயத்தின் வடிவத்தைப் பொறுத்தது. வட்டக் காயத்துக்குப் பக்கத்துத் தோலைக் கதவு திறப்பது போலச் சுழற்றி வைக்கலாம். அலெக்சாண்டர் லிம்பேர்க் என்ற ரஷ்ய சத்திரசிகிச்சை நிபுணர் 1940களில் எழுதிய சாய்சதுர மடல் இன்றும் பயன்படுகிறது. காயத்தை 60 பாகையும் 120 பாகையும் கொண்ட சாய்சதுரமாக எடுத்துக்கொண்டு, அதே அளவுச் சாய்சதுரத்தைப் பக்கத்தில் வெட்டி நகர்த்துவது. பெரிய காயத்துக்கு வலது மேலே ஒன்று, இடது கீழே ஒன்று என இரட்டை மடல் வைப்பார்கள். ஆங்கில வீ எழுத்து வடிவில் வெட்டி முன்னே தள்ளி, பின்னால் விழும் இடைவெளியை வை போலத் தைப்பது இன்னொரு முறை, இரண்டு பக்கமும் செய்யலாம். அவுஸ்திரேலியாவின் ஃபீலிக்ஸ் பெஹான் 2003இல் வெளியிட்ட கீஸ்டோன் மடல், கல்வளைவின் உச்சியில் வைக்கும் நடுக்கல் போல ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். அதில் தோலைச் சுற்றிவர முழுவதும் வெட்டிவிடுவார்கள். அப்போ இரத்தம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். அடியிலிருந்து. முதுகெலும்பின் இரு புறமும் தசையைத் துளைத்துக்கொண்டு சின்னச் சின்ன நாடிகள் தோலுக்கு ஏறி வருகின்றன. அவை எங்கே இருக்கின்றன என்று டொப்ளர் கருவியை வைத்து இரத்தம் ஓடும் சத்தம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அவற்றைக் காப்பாற்றி வெட்டுவார்கள்.

எந்த வடிவம் நல்லது என்று தகப்பன்மார் என்னிடம் கேட்பார்கள். அது சர்ஜனின் கைப்பழக்கத்தோடு சேர்ந்த விடயம். அவர் அதிகம் செய்த வடிவமே உங்கள் பிள்ளைக்கும் நல்லது.

முதுகுத் தசையையும் வெட்டி எடுப்பார்களா?

சில சமயம். முதுகின் பக்கத்தில் கையோடு சேரும் அகலமான தசையைத் தோலோடு சேர்த்து நடுவுக்குக் கொண்டுவரும் முறை உண்டு, மிகப் பெரிய காயங்களுக்கு அது கைகொடுக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்தப் பிள்ளைக்குக் கால் பலம் குறையலாம். நாளைக்கு ஊன்றுகோலில் நடக்கவும் சக்கர நாற்காலியைத் தள்ளவும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும் தோள் பலம்தான் முதல். அதற்கு உதவும் தசையை முதல் வாரத்திலேயே செலவழிப்பதா? அதனால் தோல், தசையுறை மடலால் முடியுமானால் தசையைத் தொடாமல் விடுவதையே இப்போது பலர் விரும்புகிறார்கள். டொக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் இது ஒன்று.

இரத்தம் ஏற்ற வேண்டி வருமா?

வரலாம். பிறந்த பிள்ளைக்குக் கிலோவுக்கு 80 முதல் 85 மில்லிலீற்றர் இரத்தம். மூன்று கிலோ பிள்ளையின் உடம்பு முழுவதும் சேர்த்தால் ஒரு பெரிய கிளாஸ் பிளேன்ரீ அளவுதான். நமக்கு இரண்டு மேசைக்கரண்டி போனால் பரவாயில்லை, பிள்ளைக்கு அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே தயாராக எடுத்து வைத்திருப்பார்கள். கையெழுத்துக் கேட்டால் பயப்பட வேண்டாம்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

பல நாட்கள் பிள்ளை குப்புறத்தான் கிடக்கும். மடலின் மேல் உடம்புப் பாரம் விழக்கூடாது.

அடுத்தது மலம். கீழ் முதுகுக் காயத்துக்கும் ஆசனவாய்க்கும் இடையே நான்கு விரல் தூரம்கூட இருக்காது, இந்தப் பிள்ளைகளுக்கு மலம் அடிக்கடி சிறிது சிறிதாகப் போய்க்கொண்டே இருக்கும். நாங்கள் ஒரு பிளாஸ்டிக் தாளை இடையில் ஒட்டிவிடுவோம், சைக்கிளுக்கு மட்காட் போல. பம்பஸை இறுக்கிக் கட்டாமல் அடியில் விரித்துவிடுங்கள். போன உடனே துடையுங்கள், இரவு இரண்டு மணியானாலும் சரி. நல்ல சர்ஜன் செய்த நல்ல மடல் மலம் பட்டுக் கெட்டுப்போனதைக் கண்டிருக்கிறேன். அந்தத் தாய் தூங்கிப்போனாள், நான்கு நாள் கண் மூடாதவள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாற்றிப் பார்க்க அம்மம்மா, சித்தி என்று யாராவது ஒருவரை நிற்பாட்டுங்கள்.

மருந்து கட்டிய துணியில் தெளிந்த தண்ணீர் போல ஈரம் தெரிந்தால் உடனே தாதி மிஸ்ஸிடம் காட்டுங்கள். முண்ணாண் நீராக இருக்கலாம். சிறுநீர் என்று நினைத்து நீங்களே துணியை மாற்றிவிடக் கூடாது.

தையல் பிரிப்பது பெரும்பாலும் இரண்டு கிழமையளவில். தானாகக் கரையும் நூல் போட்டிருந்தால் பிரிக்க வேண்டியதில்லை.

மடலின் நுனி நீலமாகத் தெரிகிறது. பிழைக்குமா?

நுனிதான் இரத்தம் வரும் இடத்திலிருந்து மிகத் தூரம். முதல் ஓரிரு நாள் கொஞ்சம் நீலமாக இருந்துவிட்டுத் தெளிவது உண்டு. சாம்பலாகி, பிறகு காய்ந்த தோல் போலக் கறுத்தால் அந்தத் துண்டு செத்துவிட்டது. ஒரு சென்ரிமீற்றர் அளவு என்றால் மருந்து கட்டியே ஆற விடுவார்கள். பெரிதாக இருந்து கீழே உறை தெரிந்தால் மறுபடி தியேட்டர். படுக்கும் விதம், பிள்ளையின் உடம்புச் சூடு இரண்டையும் சரியாக வைத்தாலே மடலுக்குப் பாதி உதவி கிடைத்துவிடும்.

தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும். டொக்டர் சரி என்றதும், உங்கள் மடியில் தலையணை வைத்து, பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றில் படும்படி குறுக்கே கிடத்திக் கொடுக்கலாம். முதுகில் கை வைக்காமல் தோளையும் பின்பக்கத்தையும் பிடியுங்கள். அதுவரை பாலைப் பிழிந்து குழாயால் கொடுப்பார்கள். பிழிவதை நிறுத்தினால் பால் வற்றும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதுகை மூடிய பிறகு தலை பெருக்கிறது. ஒப்பரேசன் பிழையாகிவிட்டதா?

இல்லை. இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சிறுமூளையின் அடிப்பாகம் கழுத்துப் பக்கம் இறங்கியிருக்கும், அதனால் மூளை நீர் வடியும் வழி அடைபடுகிறது. முதுகு திறந்திருந்தவரை நீர் அங்கே கசிந்துகொண்டிருந்தது. அந்த வழியை மூடியதும் உள்ளே தேங்குவது வெளியே தெரிகிறது. தலையில் நீர் கட்டும் தன்மை முதலிலிருந்தே இருந்தது.

முதல் மூன்று மாதம் தலைச்சுற்றளவு வாரத்துக்குச் சுமார் அரை சென்ரிமீற்றர் கூடுவது இயல்பு. ஒரு வாரத்தில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் போனாலோ, உச்சிக்குழி பிள்ளை அழாதபோதும் விம்மி நின்றாலோ, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிந்தாலோ, பாலைப் பீறிட்டு வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே கொண்டு போங்கள். மூச்சு இழுக்கும்போது கொக்கரிக்கும் சத்தம், பால் குடிக்கும்போது அடிக்கடி புரையேறல் இருந்தால் இன்னும் அவசரம். நீரை வயிற்றுக்குள் வடிய விடும் ஷண்ட் என்ற மெல்லிய குழாய் வைப்பார்கள். முதுகுக் காயத்தில் இன்னும் நீர் கசிகிறது என்றால் அதற்கும் சில சமயம் ஷண்ட்தான் வைத்தியம். உள்ளே அழுத்தம் குறையாமல் எந்த மடலும் நிற்காது.

பிள்ளை நடக்குமா?

மடல் வைத்ததால் நடக்காத கால் நடக்கப் போவதில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவர் முகம் மாறும், ஆனாலும் முதல் நாளே சொல்லிவிடுவேன். பிறக்கும்போதே கெட்டிருந்த நரம்பை இந்தச் சத்திரசிகிச்சை திருத்தாது, இருப்பதைக் காப்பாற்றுகிறது. காயம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முழங்காலை நீட்டும் பலம் இருந்தால் பலர் கால் தாங்கிகளோடு நடக்கிறார்கள். காயம் மேலே என்றால் பெரும்பாலும் சக்கர நாற்காலி. பாதம் வளைந்திருந்தால் மாக்கட்டுப் போட்டுத் திருத்துவார்கள். படிப்பு வருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரும்பாலானவர்கள் சாதாரணமாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள். சிலருக்குக் கணக்கிலும் கவனத்திலும் கஷ்டம் இருக்கும்.

சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கிறதே?

சொட்டுகிறது என்றால் சிறுநீர்ப்பை காலியாகிறது என்று அர்த்தம் இல்லை, பெரும்பாலும் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். தேங்கினால் சிறுநீரகம் கெடும், பெரியவர்களாகும்போது இவர்களை அதிகம் வாட்டுவது அதுதான். 1972இல் அமெரிக்க வைத்தியர் ஜக் லபிடெஸ் காட்டிய முறைப்படி, ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு தடவை சுத்தமான மெல்லிய கதீற்றரால் எடுத்துவிட வேண்டும். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு நாளில் பழகிவிடுகிறது. அப்பாவும் பழக வேண்டும். கிண்ணியாவில் ஒரு வாப்பா கடலுக்குப் போகுமுன் மகளுக்குத் தானே எடுத்துவிட்டுத்தான் போவார், உம்மாவைவிட அவர் கை சுத்தம்.

வயிற்றில் இருக்கும்போதே செய்யலாம் என்று யூரியூப்பில் பார்த்தோம்.

உண்மைதான். 2011இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில் 26 வாரத்துக்கு முன் கருப்பையிலேயே மூடிய பிள்ளைகளில் 40 வீதத்தினருக்கும், பிறந்த பிறகு மூடியவர்களில் 82 வீதத்தினருக்கும் முதல் ஒரு வருடத்துக்குள் ஷண்ட் தேவைப்பட்டது. கால் பலமும் கொஞ்சம் நன்றாக இருந்தது. ஆனால் குறைமாதப் பிறப்புக் கூடியது, தாயின் கருப்பையில் வெட்டு விழுகிறது, அடுத்த பிரசவத்தில் அந்த இடம் ஆபத்து. உலகில் சில நிலையங்களே செய்கின்றன. அந்த யூரியூப் வீடியோவைப் பார்த்துக் காணியை ஈடு வைக்க முன் உங்கள் விசேட வைத்தியரிடம் ஒருமுறை இருந்து கதையுங்கள்.

வீடியோவைவிட உங்களுக்கு உடனே பயன் தருவது 18 முதல் 22 வாரத்தில், பிள்ளையின் உடம்பில் குறை இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் அனோமலி ஸ்கான். முன்பே தெரிந்தால் மூடும் வசதி உள்ள வைத்தியசாலைக்கே போய்ப் பிரசவிக்கலாம், அந்த 260 கிலோமீற்றரைப் பிள்ளை வயிற்றில் இருந்தே கடந்துவிடும்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா?

நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை வாய்ப்பு. 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், முன்பு இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மார் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் போலிக் அமிலம் எடுத்தபோது மறுபடி வருவது 72 வீதம் குறைந்தது. மற்றப் பெண்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும், உங்களுக்கு அதைப்போலப் பத்து மடங்கு. டொக்டர் 4 அல்லது 5 மில்லிகிராம் எழுதித் தருவார். கருத்தரிக்கக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி 12 வாரம் வரை எடுக்க வேண்டும். முருங்கையிலையும் பருப்பும் சாப்பிடுங்கள், நல்லது, ஆனால் இந்த அளவு சோற்றுக் கோப்பையிலிருந்து வராது. கர்ப்பம் தெரிந்த பிறகு தொடங்கினால் பெரும்பாலும் 28 நாள் கடந்திருக்கும். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும்போதே உங்கள் பகுதி மருத்துவிச்சியிடம் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் மூன்று நான்கு கிழமை வெளியூரில் தங்குவது, சாப்பாடு, அப்பாவின் நாட்கூலி, இதுதான் குடும்பத்தை முறிக்கிறது. அங்கே வைத்தியசாலையிலும் இங்கே பிரதேச செயலகத்திலும் சமூக சேவை உத்தியோகத்தர் இருப்பார், வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் அட்டையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் நனைந்து எழுத்துப் போன அட்டையோடு எத்தனை பேர் வந்தார்கள்.

மடல் ஆறிவிட்டது. இனிப் பயமில்லைதானே?

தழும்பு பிள்ளையோடு வளரும். உள்ளே முண்ணாண் அந்தத் தழும்பில் ஒட்டிக்கொள்வது சகஜம். பிள்ளை உயரும் வயதில் அது இழுபடும். நன்றாக நடந்த பிள்ளை தடுமாறினால், முதுகு வளையத் தொடங்கினால், அடங்கியிருந்த சிறுநீர்க் கசிவு கூடினால் சோம்பேறித்தனம் என்று அடிக்காதீர்கள். கிளினிக்குக்குக் கொண்டு போங்கள், இழுபடும் முண்ணாணை விடுவிக்கலாம்.

பிறந்தநாளுக்கு பலூன் கட்டுவீர்கள், அது லேற்றெக்ஸ். வேண்டாம். லேற்றெக்ஸ் ஒத்துக்கொள்ளாத சில பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் பப்பாசியும் வாய் கடிக்கும். அப்படி இருந்தால் மட்டும் நிறுத்துங்கள், மற்றவர்கள் சாப்பிடலாம்.

நேர்த்தி வைத்திருக்கிறோம். கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் கொண்டு போகலாமா?

தாராளமாகப் போங்கள். ஆனால் காலிலும் பின்பக்கத்திலும் சூடு தெரியாத பிள்ளை என்பதை மறக்க வேண்டாம். ஒரு பொடியன், ஏழு வயது, தாங்கி போட்டு நடக்கிறவன், பகல் பூசைக்கு எல்லோரையும் போலச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவாமி மலைக் கல்லில் நடந்துவிட்டான். அவன் அழவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தாங்கியைக் கழற்றும்போதுதான் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். ஆற மூன்று மாதம்.

காலையில் வெயில் ஏறுமுன் போங்கள், கல்லில் தூக்கிக்கொண்டு போங்கள். கன்னியாவில் ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு, முந்தின கிணறு சரியாக இருந்தது என்று அடுத்ததில் அப்படியே வாளியைக் கவிழ்க்காமல் ஒவ்வொன்றையும் முழங்கையால் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். நிலாவெளி மணலும் நடுப்பகலில் அப்படித்தான், சிப்பியும் பவளத் துண்டும் வேறு குத்தும், ஆகவே துணிச் சப்பாத்துப் போட்டுவிடுங்கள். இரவு பாயில் கிடத்துமுன் டோர்ச் அடித்து உள்ளங்கால், குதிக்கால், மடல் இருக்கும் இடம் மூன்றையும் பாருங்கள். சிவப்பு அரை மணித்தியாலத்தில் மறையாவிட்டால் அந்தப் பக்கம் பாரம் போடாமல் விட்டு, காலையில் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.